பெருமாள் பேரைச் சொல்லி வளர்த்த முடி

போன வாரம் ஐயாதுரையை மில் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். பாவம் மனுஷன், இன்னும் அங்கேயேதான் நிற்கிறார். ஏழு மணிச் சங்கு ஊதி ஷிப்டு ஆட்கள் எல்லாம் உள்ளே போயாயிற்று.

கேட்டில் புதிதாக முளைத்த அந்த ஸ்டூலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வேப்பமரத்தடியில் ஸ்டூல், பக்கத்தில் கத்தரிக்கோலோடு ஒரு ஆள். கோயம்புத்தூரிலிருந்து வந்த புது மேனேஜரின் ஏற்பாடு. காலருக்குக் கீழே முடி தொங்குகிற ஆண்பிள்ளை எவனும் உள்ளே நுழையக்கூடாது. நுழைய வேண்டுமானால் ஸ்டூலில் உட்கார வேண்டும். மாட்டேன் என்றால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டும்.

நூல் நூற்கும் ரிங் பிரேமில் ஓடுகிற இளவட்டங்கள் இரண்டு பேர் அதில் உட்கார்ந்து எழுந்தார்கள். ஒருவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுததை மொத்த மில்லும் பார்த்தது.

நூல் சுற்றும் வைண்டிங்கில் வேலை பார்க்கும் பெண்களுக்கு இடுப்பைத் தாண்டிய சடை உண்டு. ஒரு துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போகிறார்கள், யாரும் கேட்பதில்லை. "நானும் அதே மாதிரி துணி கட்டிக்கிடுதேன் சார்" என்று ஐயாதுரை கெஞ்சினார். "ஆம்பளை தலையில துணி கட்டிட்டு நின்னா நூல் வாங்க வர்ற பம்பாய்ப் பார்ட்டி பார்த்துச் சிரிப்பானுங்க. துண்டு, தலைப்பா ஒண்ணும் இனிமே உள்ள கூடாது" என்றார் மேனேஜர். முடி மிஷினில் மாட்டிக்கொள்ளும் என்று நோட்டீஸில் எழுதியிருந்தது சும்மா சாக்கு. முடி வளர்த்தவன் ரவுடி என்பதுதான் அவர் மனசில் இருந்தது. மிஷின் பழுது பார்க்கும் பிட்டராக இருந்த ஐயாதுரையை முதலில் கழிவுப் பஞ்சு குடோனுக்குத் தள்ளினார். இப்போது அதுவும் கிடையாது என்று கேட்டில் நிறுத்திவிட்டார்.

ஐயாதுரை ஏன் முடி வளர்த்தார்? ஊருக்குச் சொன்ன பதில் ஒன்று, நமக்குத் தெரிந்த பதில் வேறு.

இடது காதுக்குப் பின்னால், பிடரியில், தோலில் ஒரு வெள்ளை. முதலில் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி இருந்தது, இப்போது வெற்றிலை அகலம் ஆகிவிட்டது. இது குஷ்டம் இல்லை, யாருக்கும் ஒட்டாது, பயப்படாதே என்று மதுரையில் பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னால் ஊர் கேட்குமா? வீட்டில் கல்யாண வயசில் நாச்சியார் இருக்கிறாள். "முடிய வளத்து மறைங்க" என்றாள் மனைவி வேலுத்தாய். மறைத்தார். எதற்கு முடி என்று யாரோ கேட்டபோது அவளே முந்திக்கொண்டாள். "திருவண்ணாமலைப் பெருமாளுக்கு நேந்திருக்கு. மகளுக்கு நல்ல இடம் அமைஞ்சா எறக்குவாக." சிவன் கோயில் திருவண்ணாமலை இல்லை, இது நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மலைக்கோயில்.

அந்த நல்ல இடம் அமைந்துவிட்டது. மாப்பிள்ளை குருசாமிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் மைக்செட் கடை. ஐப்பசியில் நிச்சயதார்த்தம். முடி இறங்கினால் வெள்ளை தெரியும். வெள்ளை தெரிந்தால் நாச்சியாரின் கல்யாணம் நிற்கும்.

சிவகாசியிலிருந்து ஒரு வாசகி, "உண்மையைச் சொல்லித் தொலைத்தால் என்ன?" என்று கோபமாக எழுதியிருந்தார். அம்மா, உங்கள் வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறதா? இருந்தால் அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

சரி, கேட்டுக்கு வருவோம்.

மேனேஜரின் கார் வந்து நின்றது. ஐயாதுரை கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டார். கை தானாக இடது காதுக்குப் பின்னால் போய்த் தடவிப் பார்த்தது. இப்போதெல்லாம் தூக்கத்தில்கூட அந்தக் கை அங்கே போகிறது.

"என்னங்க ஐயாதுரை, இன்னைக்கும் அப்படியே வந்து நிக்கறீங்க?"

"சார், செத்த நேரம் நான் சொல்லுதத..."

"கேட்டாச்சுங்க. ஒண்ணு ஸ்டூல்ல உக்காருங்க. இல்லீன்னா இன்னைக்கே வேலைய விட்டுப் போயிருங்க."

கத்தரிக்கோல்காரன் எழுந்து நின்றான்.  உள்ளே ஜன்னலுக்கு ஜன்னல் முகங்கள் தெரிந்தன. இவ்வளவு பேர் பார்க்க, பட்டப்பகலில், பிடரியில் கத்தரி பட்டால்? சாயந்திரம் ஷிப்டு விடுவதற்குள் ராஜபாளையம் முழுக்கத் தெரிந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக அடுத்த பஸ் போதும்.

அப்போதுதான் பொன்னுராஜ் ஓடி வந்தான். ஐயாதுரையோடு பிட்டராக இருப்பவன், தொழிற்சங்கத்திலும் இருப்பவன். தங்கமான மனுஷன். ஆபத்து அங்கேதான் இருந்தது.

"சார், அது ஸ்டைலுக்கு வளத்த முடி இல்ல. சாமி முடி! திருவண்ணாமலைப் பெருமாளுக்கு நேந்துவிட்டது. நீங்க பாட்டுக்கு அதுல கத்தரிய வச்சு, நாளைக்கு மில்லுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

மேனேஜர் கையிலிருந்த சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சாமி முடிங்களா? இதை ஏனுங்க முதல்லயே சொல்லல?"

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. சொன்னால், எப்போது இறக்குவாய் என்பதுதான் அடுத்த கேள்வி. இப்போதும் அதைத்தான் கேட்டார்.

"எப்ப எறக்கோணும்?"

ஐயாதுரை வாயைத் திறப்பதற்குள் பொன்னுராஜ் சொல்லிவிட்டான். "மகளுக்கு நல்ல இடம் அமைஞ்சா எறக்கணும்னு நேத்திக்கடன் சார். அமைஞ்சிருச்சு! மாப்பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூரு!"

"அட, அப்பறம் என்னங்க? இன்னைக்குப் புரட்டாசி சனிக்கிழமை ஆச்சே!" மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. தெய்வ குற்றமும் இல்லாமல், தன் உத்தரவும் கீழே விழாமல் ஒரு வழி கிடைத்தால் யாருக்குத்தான் மலராது? "இன்னைக்குச் சம்பளத்தோட லீவு. நம்ம வேன் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் போகுது, குடும்பத்தோட அதுலயே போங்க. திங்கக்கிழமை மொட்டையோட வந்தீங்கன்னா பழைய பிட்டர் வேலையவே தர்றேன். ஆனா தலையில துண்டு இருக்கக் கூடாது. மொட்டை எனக்குத் தெரியோணும்."

ஜன்னலில் யாரோ கைதட்டினார்கள்.

"நன்றி சொல்லுங்கண்ணே!" என்று பொன்னுராஜ் விலாவில் இடித்தான்.

ஐயாதுரை நன்றி சொன்னார். 

வாசலில் மில் வேன் வந்து நின்றதும் வேலுத்தாய் கையிலிருந்த அரிவாள்மனையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். மில் வேன் வீட்டுக்கு வருகிறது என்றால், யாருக்கோ கை போயிருக்கும், இல்லை கால் போயிருக்கும். புருஷன் முழுசாக இறங்குவதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த மூச்சு மறுபடியும் நின்றுவிட்டது.

"மதினி, கிளம்புங்க!" பொன்னுராஜ் வாசலிலிருந்தே கத்தினான். "இன்னைக்கு அண்ணனுக்கு மொட்டை! மேனேஜரே வேன் குடுத்து அனுப்பிட்டாரு. நான் ஆபீஸ் போன்லயிருந்து மைக்செட் கடைக்கும் பேசிட்டேன். மாப்பிள்ளையும் அவுக அம்மாவும் மலையடிவாரத்துல வந்து நிப்பாக."

"அவியளுக்கு எதுக்குய்யா சொன்ன?" வேலுத்தாயின் குரல் கீச்சென்று போனது.

"நல்லாருக்கே! இந்தச் சம்பந்தம் அமைஞ்சதுக்குத்தான மொட்டை? சம்பந்தி வீடு இல்லாமயா?"

 ஒவ்வொரு வார்த்தையும் நியாயம்.

"செத்த இரு, துணி மாத்திட்டு வாரோம்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அடுப்படியில் மூன்று பேரும் நின்றார்கள். நாச்சியாருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெளியே பேசியது எல்லாம் அவளுக்குக் கேட்டிருந்தது.

"சொல்லிருங்கப்பா" என்றாள்.

"என்னத்தச் சொல்ல?"

"உள்ளதைத்தான். டாக்டர் சொன்னதச் சொல்லுங்க. ஒட்டாதுன்னு சொல்லுங்க."

"சொன்னா அவிய என்னையப் பாக்க மாட்டாக தாயி. உன்னைய உச்சியிலருந்து உள்ளங்கால் வரைக்கும் பாப்பாக."

"எனக்குத்தான் இல்லையே?"

"இல்லைன்னு நெத்தியில எழுதி ஒட்ட முடியுமா ஏட்டி?" என்றாள் வேலுத்தாய். "இன்னைக்கு இல்ல, நாளைக்கு வந்தான்னு கேப்பாக. உனக்கு வராட்டா உன் பிள்ளைக்கு வந்தான்னு கேப்பாக. ஒரு வாய் கேட்டா மூடலாம், ஊர் வாய மூட உலைமூடி உண்டா?"

ஐயாதுரை அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். பேசாமல் வேன் டிரைவரிடம் காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தார். இன்றைக்குக் காய்ச்சல், திங்கட்கிழமை ஸ்டூல். எந்தப் பக்கம் போனாலும் ஒரு கத்தி நின்றது.

வேலுத்தாய்தான் சட்டென்று நகர்ந்தாள். அலமாரியில் கிடந்த சந்தனப்பொடி முழுவதையும் எவர்சில்வர் தூக்குச்சட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்தாள்.

"மொட்டை போட்டா சந்தனம் தடவுறது எல்லாரும் செய்றதுதான? கத்தி எடுத்த மறு நிமிஷம் நான் அப்பிருதேன். கெட்டியா அப்பிட்டா ஒரு சனியனும் தெரியாது. நீங்க மட்டும் இடது பக்கம் சொவரைப் பாத்து உக்காருங்க."

"திங்கக்கிழமை மில்லுக்கும் சந்தனத்தோடயா போவாக?" என்று கேட்டாள் நாச்சியார்.

"அது திங்கக்கிழமைப் பாடு."

புறப்படும்போது சாமி படத்தின் முன்னால் வேலுத்தாய் ஒரு நிமிஷம் நின்றாள். கும்பிடக் கை வரவில்லை. இத்தனை வருஷமாக அந்தப் பெருமாள் பேரைச் சொல்லி ஊரை ஏமாற்றியிருக்கிறாள். மனுஷனுக்குப் பயந்து சாமியைச் சாட்சிக்கு இழுத்தாயிற்று. இப்போது சாமிக்குப் பயமாக இருந்தது. "என்னைய என்ன வேணும்னாலும் செய்யி. அவ கழுத்துல தாலி ஏறட்டும்" என்று முணுமுணுத்துவிட்டு, படத்தை நிமிர்ந்து பார்க்காமல் வெளியே வந்தாள்.

நிச்சயம் ஆகாத பெண் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் போய் நிற்கக்கூடாது என்று நாச்சியாரை விட்டுவிட்டுப் போனார்கள். வேன் சத்தம் தெருமுனையில் தேய்ந்ததும் அவள் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். சுவர்க் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கைக்கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்து, சடையைத் தூக்கித் தன் பிடரியைப் பார்த்தாள். இடது காதுக்குப் பின்னால், பிறகு வலது காதுக்குப் பின்னால், பிறகு முழங்கை, முழங்கால்.

இல்லை. இன்றைக்கும் இல்லை.

அப்பாவும் அம்மாவும் நினைப்பதுபோல அவள் பயப்படாமல் ஒன்றும் இல்லை. குளித்து வரும் ஒவ்வொரு காலையும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டத்தைக் கேட்கவா வேண்டும்? ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டியதுமே ரோடு நிறைய சனம். மலையடிவாரத்தில் வேன் நுழைய இடமில்லை. 'கோவிந்தா' சத்தம் படிகளில் ஏறிக்கொண்டே இருந்தது. மேற்கே மலை உச்சியைக் கருமேகம் மூடியிருந்தது.

மொட்டைக் கொட்டகைக்கு முன்னால் குருவம்மாள் தாம்பாளத்தோடு நின்றாள். குருசாமியின் அம்மா. புருஷன் போன பிறகு ஒற்றையாளாக மகனை ஆளாக்கியவள். குரலுக்கு மைக் தேவையில்லை. தாம்பாளத்தில் தேங்காய், பழம், புதுத் துண்டு, ஒரு கிண்ணம் நிறையச் சந்தனம். பக்கத்தில் குருசாமி வெள்ளை வேட்டியில் கூச்சத்தோடு நின்றான்.

"வாங்கண்ணே! வாங்க மதினி! நல்லவேளை அந்தத் தம்பி போன் போட்டுச்சு. எங்க குடும்பத்துக்காக வளத்த முடி, நாங்க இல்லாம எறக்கலாமா?"

சந்தனக் கிண்ணத்தைப் பார்த்ததும் வேலுத்தாய் தன் தூக்குச்சட்டியை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"மதினி, வெயில் ஏறுததுக்குள்ள நாம ரெண்டு பேரும் மேல போயி சாமி பாத்துருவமா? ஆம்பிளைக பொறவு வரட்டும்."

"எங்க இருக்கு வெயிலு? வானம் எப்படி இருட்டிக்கிட்டு வருது பாருங்க. முடி எறக்குறதைக் கண்ணால பாத்துட்டுத்தான் நான் மலை ஏறுவேன்."

வேலுத்தாய் இன்னொரு கதவைத் தட்டிப் பார்த்தாள்.

"பூமுடி குடுத்தாப் போதாதா மதினி? நாலு கத்தை கத்தரிச்சுக் குடுத்தாலும் சாமி ஏத்துக்கிடும்னு சொல்லுவாகளே..."

"பூமுடி பொம்பளைகளுக்கு. ஆம்பிளைக்கு என்ன பூமுடி?"

"மேனேஜரு வேற மொட்டைன்னு கண்டிசனா சொல்லிட்டாரு மதினி" என்று பொன்னுராஜ் சேர்ந்துகொண்டான். இவன் வாயில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து அடைத்தால் தேவலை என்று இருந்தது வேலுத்தாய்க்கு. எனக்கும்தான்.

வரிசை மெல்ல நகர்ந்தது. நிற்கிற நேரத்துக்குக் குருவம்மாள் கதை பேசினாள். அவள் பிறந்த ஊர் கான்சாபுரம். கதையும் அங்கிருந்துதான் வந்தது.

"எங்க சித்தி மகளுக்கு ஒரு மாப்பிள்ளை பாத்தோம் மதினி. பையன் ராசாவாட்டம் இருந்தான். பத்திரிகைகூட அடிச்சாச்சு. பொறவு பாத்தா, பையனோட சித்தப்பனுக்குக் கையில வெள்ளை! முழுக்கைச் சட்டை போட்டே மறைச்சிருக்காக. எம்புட்டு நெஞ்சழுத்தம் பாத்தீகளா?"

"பொறவு?" என்று கேட்டாள் வேலுத்தாய். கேட்காமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று கேட்டாள்.

"பொறவு என்ன? நான்தான் முன்ன நின்னு நிறுத்துனேன். சீக்கைக்கூடப் பொறுத்துக்கிடலாம் மதினி. மறைச்சாக பாருங்க, அதப் பொறுக்க முடியாது."

முந்தானைக்குள் தூக்குச்சட்டியின் மூடி கடகடவென்று ஆடியது. வேலுத்தாய் இன்னொரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வரிசையில் முன்னால் நின்ற ஐயாதுரைக்கும் அந்தக் கதை முழுசாகக் கேட்டது. அவர் திரும்பவில்லை.

முறை வந்தது.

பலகையில் இடது பக்கம் சுவர் இருக்கும்படி உட்கார்ந்தார். நாவிதர் நடுவயசுக்காரர். கொண்டையை அவிழ்த்துவிட்டுச் செம்புத் தண்ணீரை ஊற்றி விரல்களால் அளைந்தார். உச்சி, நெற்றி, வலது காது. விரல்கள் பிடரிக்கு வந்து இடது பக்கம் முடியை விலக்கின. நின்றன.

ஐயாதுரை கண்களை மூடிக்கொண்டார். தாம்பாளத்தோடு குருவம்மாள் எதிரே நாலு எட்டில் நிற்கிறாள். இந்த மனுஷன் 'இது என்ன அண்ணாச்சி?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். கதை முடிந்தது.

நாவிதர் காதருகே குனிந்தார்.

"அண்ணாச்சி, முன்னாலருந்து எடுக்கட்டா?"

"எடுங்க தம்பி" என்றார் ஐயாதுரை. 

"பின்னால உள்ளதைக் கடைசியில பாத்துக்கிடுவோம்."

இந்தத் தொழிலில் எத்தனை தலைகளைப் பார்த்திருப்பாரோ!  கத்தி நெற்றியிலிருந்து மேலே ஏறியது. முடி கத்தைக் கத்தையாக மடியில் விழுந்தது. பாதித் தலை மழிந்ததும் பொன்னுராஜ் 'கோவிந்தா' போட்டான்; சுற்றி நின்றவர்களும் போட்டார்கள். தலையில் பாரம் குறையக் குறைய ஐயாதுரைக்கு நெஞ்சில் பாரம் ஏறியது. உச்சி போயிற்று. வலது பக்கம் போயிற்று. நாவிதர் தன் உடம்பால் கூட்டத்தை மறைத்துக்கொண்டு இடது பிடரிக்கு வந்தார். நாலே இழுப்பு. காற்று அங்கே நேராகப் பட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தத் தோலில் காற்றுப் படுகிறது.

வேலுத்தாய் பாய்ந்து வந்தாள். தூக்குச்சட்டி மூடி எங்கோ விழுந்து உருண்டது.

"இருங்க மதினி!" குருவம்மாள் குறுக்கே கையை நீட்டினாள். "நீங்க எதுக்குத் தேய்க்கீக? ஏலே குருசாமி, கிண்ணத்தைப் பிடி. மருமகன் கையால சந்தனம் பூசுனாத்தான் மாமனாருக்கு அழகு. போ, பின்னால நின்னு நல்லாத் தேச்சு விடு."

"இல்ல மதினி... தம்பி வேட்டியில பட்டுரும்..."

"பட்டா வெளுத்துக்கிடுதோம்."

நாவிதர் விலகித்தானே ஆகவேண்டும்? அடுத்த தலை காத்திருந்தது.

குருசாமி பின்னால் வந்து நின்றான். ஐயாதுரைக்கு அவன் கால் மட்டும் தெரிந்தது. ஓடிவிடலாம் என்று தோன்றியது. மில்லில் நெருப்புப் பிடித்தபோதுகூட ஓடாத மனுஷன் அவர்.

குளிர்ந்த சந்தனம் உச்சியில் விழுந்தது. விரல்கள் மெதுவாகப் பரப்பின. நெற்றிப் பக்கம் வந்தன. வலது காதைச் சுற்றின. பிடரிக்கு இறங்கின. இடது பக்கம் திரும்பின.

விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

வேலுத்தாய்க்கு அவன் முகம் தெரிந்தது. அதில் ஒன்றையும் படிக்க முடியவில்லை. அவள் உதடுகள் மட்டும் சத்தமில்லாமல் 'பெருமாளே, பெருமாளே' என்று அசைந்தன.

"என்னலே, தூங்கிட்டியா?" என்றாள் குருவம்மாள்.

"இல்லம்மா." குருசாமியின் குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "சந்தனம் பத்தல. அத்தை, உங்க கையில இருக்குறதையும் குடுங்க."

வேலுத்தாய் சட்டியை நீட்டினாள். அவன் அதிலிருந்து ஒரு கை நிறைய அள்ளினான். இடது காதுக்குப் பின்னால் வைத்து அப்பினான். இன்னொரு கை அள்ளி அதன்மேல் அப்பினான். சுவருக்குப் பூசுகிற மாதிரி கெட்டியாக, விளிம்பு தெரியாமல் பூசினான்.

அந்த நேரம் பார்த்துத்தானா மழை வரவேண்டும்? கொட்டகைத் தகரத்தில் தடதடவென்று இறங்கியது. ஓட்டைகளில் ஒழுகியது. ஒரு சொட்டு ஐயாதுரையின் தலையில் விழுந்து சந்தனத்தில் கோடு போட்டது. குருசாமி தாம்பாளத்திலிருந்த புதுத் துண்டை எடுத்து உதறி, மாமனார் தலையைச் சுற்றிக் காது மறைய இறுக்கிக் கட்டினான்.

"ஏன்லே மொட்டைய மூடுத? சாமி பாக்க வேண்டாமா?"

"மழைம்மா. வெறுந்தலையில பட்டா சளி பிடிச்சுரும்."

"அதுவும் சரிதான்" என்று குருவம்மாள் சிரித்தாள். "பாத்தீகளா மதினி, இப்பவே மாமனார் மேல எம்புட்டுக் கரிசனம்!"

முடிச்சுப் போடுகிற சாக்கில் குருசாமி குனிந்தான். அவன் மூச்சு ஐயாதுரையின் காதில் பட்டது.

"மாமா, திங்கக்கிழமை காலையில மில் கேட்டுல வந்து நிப்பேன். சங்கு ஊதுததுக்கு முன்ன உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அத்தைக்குத் தெரிய வேண்டாம்."

"தம்பி, அது வந்து..."

"இப்ப வேண்டாம் மாமா."

அவ்வளவுதான். நிமிர்ந்து கிண்ணத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டான்.

"திங்கக்கிழமை இந்தத் துண்டை அவுத்துப் போட்டுட்டு, மேனேஜர் முன்னால மொட்டையக் காட்டி ஜம்முனு உள்ள போறீகண்ணே!" என்று பொன்னுராஜ் தோளில் தட்டினான். ஐயாதுரை தலையாட்டினார். துண்டு இறுக்கமாக இருந்தது.

வேலுத்தாய் பக்கத்தில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருச்சுங்க. தெரிஞ்சும் மூடி விட்டுட்டான். நாம சொன்ன பொய்யப் பெருமாள் மன்னிச்சுட்டாரு. நாச்சியார் குடுத்துவச்சவ."

 ஐயாதுரை கொட்டகைக் கோடியிலிருந்த குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே குருசாமி கை கழுவிக்கொண்டிருந்தான். குழாயைத் திருகிவிட்டு, தரையிலிருந்து மண்ணை அள்ளித் தேய்த்தான். கழுவினான். விரல்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். மறுபடியும் மண் அள்ளினான்.

சந்தனம் ஒரு தண்ணியில் போய்விடும். குருசாமி இன்னும் தேய்த்துக்கொண்டே இருந்தான்.